2024இல் வந்த மெட்டல் ஆல்பங்களில் எனக்குப் பிடித்தவை: காரைக்குடிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மிக்ஸி, டேபிள் ஃபேன் என்று எது எரிந்து வந்தாலும் பிரித்துக் காயில் கட்டிக் கொடுப்பது தொழில். வேலை நடக்கும்போது கடையில் ஹெவி மெட்டல் என்ற கனத்த கிட்டார் சத்தமுள்ள பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வருஷக் கடைசியில், அந்த வருஷம் வந்ததில் பிடித்த ஆல்பங்களைக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிடுவேன். 2024ஆம் வருஷத்து அட்டையைப் பார்த்துவிட்டு மோட்டார் கொண்டுவரும் விவசாயிகள், இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் பையன்கள், தங்கச்சி மகள், எதிர்க்கடை டெய்லர் அண்ணன் என்று எல்லாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கடையில் ஆள் நின்றதால் பாதியில் விட்ட பதில்களை இதில் முடித்திருக்கிறேன்.

அட்டையில இருக்கிற பேரு ஒண்ணும் வாய்க்குள்ள நுழையல. வரிசையாச் சொல்லுங்க.

முதலில் ஸ்வீடனின் ஓபெத் குழு போட்ட 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. நம் பேச்சில் 'கடைசி உயில்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இங்கிலாந்தின் ஜூடாஸ் பிரீஸ்ட், 'இன்வின்சிபிள் ஷீல்ட்'. மூன்றாவது ஃபேரோ தீவுகளின் ஹாம்ஃபெர் குழு. அவர்கள் ஆல்பத்தின் பெயருக்கு 'ஆனாலும் கடவுளின் கை வலியது' என்று பொருள். பிறகு அமெரிக்காவின் பிளட் இன்கேன்டேஷன் போட்ட 'ஆப்சொல்யூட் எல்ஸ்வேர்', நியூசிலாந்தின் அல்சரேட் போட்ட 'கட்டிங் தி த்ரோட் ஆஃப் காட்', ஹை ஆன் ஃபயர் குழுவின் 'கமெத் தி ஸ்டார்ம்', நம் பெங்களூரு கிரிப்டோஸின் 'டெசிமேட்டர்'.

ஏழோடு நிறுத்திவிட்டேன். பத்து என்ற கணக்குக்காக இன்னும் மூன்றைச் சேர்க்க மனசில்லை. மூன்றிலிருந்து ஏழு வரை உள்ளவை வாரத்துக்கு வாரம் இடம் மாறும். முதல் இரண்டும் மாறாது.

உயிலைப் பத்தி ஒரு ஆல்பமா? அதுக்கு ஏன் முதல் இடம்?

நான் பிறந்து வளர்ந்தது செட்டிநாட்டில். உயில், பங்கு, பூட்டிய வீடு இதெல்லாம் இங்கே ஒவ்வொரு தெருவிலும் இருக்கும் கதை. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

கதை முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் நடக்கிறது. பெரிய பணக்காரர், கண்டிப்பானவர், இறந்துவிடுகிறார். அவருடைய மாளிகையில் உயிலை வாசிக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு போலியோ தாக்கிய ஒரு பெண்ணும் இருக்கிறாள். அநாதையாக வந்து அந்த வீட்டிலேயே வளர்ந்தவள். இவள் எதற்கு இங்கே என்று இரட்டையருக்குச் சந்தேகம். வாசிக்க வாசிக்க அந்த மனிதர் மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே வருகிறது. முதல் ஏழு பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது. பத்திரத்தில் பிரிவு எண் போடுவதுபோல் ஒன்று, இரண்டு என்று குறி மட்டும் போட்டிருக்கிறார்கள். எட்டாவது பாட்டுக்குத்தான் பெயர். அதில் ஒரு கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

இந்த ஆல்பம் நவம்பர் 22ஆம் தேதி வந்தது. அந்த வாரம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் கிணற்று மோட்டாரைத் திரும்ப மாட்டும் வேலை. வீட்டுக்குப் பதினோரு பங்காளிகள். மெட்ராஸ், கோலாலம்பூர், அமெரிக்கா என்று ஆளுக்கு ஒரு திசை. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் கைவைத்தால் இன்றும் வழவழவென்று சில்லென்றிருக்கும் பூச்சு. வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு பங்குக்கும் ஒரு அறை, ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு. திறந்திருப்பது முகப்பும் வளவும் மட்டும். சாவி காவல்காரத் தாத்தாவிடம். வேலை முடிந்து மழை விடட்டும் என்று வளவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சின்ன ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டேன். மேலே திறந்த வானம். ஓட்டுச் சரிவிலிருந்து மழைத் தண்ணீர் நாலு பக்கமும் முற்றத்தில் கொட்டுகிறது. கல்லும் தூணும் சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்க, அந்தச் சின்ன ஸ்பீக்கர் கோயில் மேளம்போல் முழங்கியது.

தாத்தா வந்து நின்றார். "என்ன தம்பி, யாரைப் போட்டு அடிக்கிறாய்ங்க?"

"உயிலு வாசிக்கிறாய்ங்க தாத்தா."

"எந்த ஊரு உயிலு?"

கதையைச் சொன்னேன். தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் "இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குத்தான் எல்லாம் என்று சொன்னபோது ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பெத்ததுகளுக்கு ஒண்ணுமில்லையா?" என்றார். நாற்பது வருஷமாக அந்தப் பதினோரு பூட்டுக்கும் காவல் இருப்பவர். ஒரு ஆல்பம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை புரியாத மனிதரை அது மழை விட்ட பிறகும் உட்கார வைத்தது.

இசையாகவும் இதற்குத்தான் முதல் இடம். ஓபெத் 2008இல் போட்ட 'வாட்டர்ஷெட்' ஆல்பத்துக்குப் பிறகு அதன் பாடகர் மைக்கேல் ஆகர்ஃபெல்ட் ஆல்பங்களில் உறுமிப் பாடுவதை விட்டிருந்தார். 16 வருஷம் கழித்து அந்தக் குரல் இதில் திரும்பி வந்தது. செத்தவர் கோபம் பேசும் இடத்தில் உறுமல், மற்ற இடத்தில் சாதாரணப் பாட்டு, நடுவே ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் உயில் வாசிக்கிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். மூன்று குரலுக்கும் மூன்று வேலை. எதையும் சும்மா சேர்க்கவில்லை.

அப்படி உறுமினா தொண்டை கிழிஞ்சிராதா?

தெரியாமல் செய்தால் கெட்டுப்போகும். கற்றுக்கொண்டு செய்பவர்கள் தொண்டையை இறுக்குவதில்லை. உண்மையான குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. அதைப் பொய்க் குரல்நாண் என்பார்கள். காற்றை அடிவயிற்றிலிருந்து சீராக விட்டு அந்த மடிப்பை அதிரவைக்கிறார்கள். களரியில் சாமி இறங்கி ஆடும்போது வரும் குரலைக் கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரல் அந்நியமாகப்படக் கூடாது.

ஜூடாஸ் பிரீஸ்ட் எல்லாம் தாத்தா வயசு. இரக்கப்பட்டு இடம் கொடுத்தீங்களா?

இல்லை. இந்தக் கேள்வியை ஹாஸ்டல் பையன்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மார்ச் 8ஆம் தேதி ஆல்பம் வந்தபோது பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு 72 வயது. பர்மிங்காம் பக்கத்துக் குழு, 1969இல் தொடங்கியது, இது 19வது ஆல்பம். தலைப்புப் பாட்டை மட்டும் ஒருமுறை கேளுங்கள். இரட்டைக் கிட்டார் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓட, மேல் ஸ்தாயியில் அந்தக் குரல் அசையாமல் நிற்கிறது. முப்பது வயதுக்காரர் பாடியிருந்தாலும் இதே இடத்தில்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் எனக்கு இந்த ஆல்பம் நெஞ்சில் தங்கியதற்குக் காரணம் கிட்டார் வாசிக்கும் கிளென் டிப்டன். தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை அவர் 2018இல் வெளியே சொன்னார். சுற்றுப்பயணத்தில் அவர் இடத்தில் வாசிப்பது ஆல்பத்தைத் தயாரித்த ஆண்டி ஸ்னீப். ஆனாலும் டிப்டன் குழுவை விட்டுப் போகவில்லை. 76 வயதில் இந்த ஆல்பத்துக்கும் பாட்டு அமைத்திருக்கிறார், முடிந்த இடத்தில் வாசித்திருக்கிறார். இன்னொரு கிட்டார்காரர் ரிச்சி ஃபாக்னருக்கு 2021இல் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மகாதமனி கிழிந்தது. அந்தப் பாட்டை வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பிறகு ஆபரேஷன், பிழைத்து வந்தார். ஆல்பத்தின் பெயர் 'வெல்ல முடியாத கேடயம்'. அதை அவர்கள் போட்டுக்கொள்ளத் தகுதி இருக்கிறது.

என் அப்பா தவில்காரர். குன்றக்குடிப் பக்கமும் தேவகோட்டைப் பக்கமும் அவர் வாசிக்காத கோயில் குறைவு. அவருக்கும் இதே நோய். 2019க்குப் பிறகு தவிலைத் தொடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். வலது கை தொடையில் ஆடிக்கொண்டேயிருக்கும். டிப்டன் கதையைச் சொல்லி அந்தத் தலைப்புப் பாட்டைப் போட்டேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் முழுக்கக் கேட்டார். கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடிக்கிறவனுக்குக் காலப்பிரமாணம் இருக்குடா" என்றார். வேகம் ஏறாமல் இறங்காமல் அடி சீராக விழுகிறது என்று அர்த்தம். ஸ்காட் டிராவிஸ் என்ற டிரம்ஸ்காரரைத்தான் சொன்னார். என் அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை சுலபமாக வராது. கூட வாசித்த எத்தனையோ பேருக்கு அவர் அதைச் சொன்னதில்லை.

மறுநாள் அவரே கேட்டார்: "அந்தக் கை நடுங்குற ஆளு பாட்டைப் போடு."

எல்லாம் ஒரே இரைச்சலாத்தானே இருக்கு? கிட்டார் ஏன் அப்படிக் கரகரங்குது?

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இது என் தொழில். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிக் காயிலும் இருக்கிறது. காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு, ஒரு காயிலுக்கு ஐயாயிரம் சுற்று அளவில் வரும். இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து காயிலில் கரண்ட் பிறக்கிறது. அவ்வளவுதான். நான் கட்டுகிற மோட்டாருக்குள் நடப்பதைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒற்றைக் காயில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் 1955இல் இதைச் செய்தார். மெட்டல் கிட்டாரின் கனத்த சத்தத்துக்கு அந்த இரட்டைக் காயில்தான் அடிப்படை.

கரகரப்பு ஆம்பிளிஃபையரில் வருவது. அதன் சக்திக்கு மேல் சிக்னலைத் திணித்தால் அலையின் மேல் முனையும் கீழ் முனையும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட அலையில் மூல சுரத்தோடு வேறு பல மேல் சுரங்கள் சேர்ந்துகொள்ளும். அப்போது மூன்று சுரத்தைச் சேர்த்துப் போட்டால் குழம்பிவிடும். அதனால் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்த்து வாசிக்கிறார்கள். நம் சுருதிப்பெட்டியில் விடாமல் ஒலிக்கும் அதே ச, ப. இது தெரிந்த பிறகு பாருங்கள், இரைச்சல் மாதிரி இருந்ததற்குள் சுருதி கேட்க ஆரம்பிக்கும்.

இந்த இசை பிறந்ததே ஒரு தொழிற்சாலை விபத்தில். பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு 17 வயதில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். விரல் வலிக்காமல் இருக்கப் பிற்பாடு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அவருடைய பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. அதன் முதல் பாட்டில் ஷட்ஜமத்துக்கு எதிரே பிரதி மத்யமத்தை நிறுத்தி வைப்பார். கேட்டவுடன் அடிவயிறு கலங்கும். அப்பாவிடம் இந்த விரல் கதையைச் சொன்னபோது பெட்டியைத் திறந்து தன் விரல் கூடுகளை எடுத்துக் காட்டினார். துணியும் பசையும் சுற்றிக் காயவைத்தவை, கல் மாதிரி இருக்கும். "அவனும் கூடு போட்டவன்தானா?" என்றார்.

இது சாத்தான் பாட்டாமே? வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?

தலைகீழ்ச் சிலுவையும் மண்டையோடும் போடுவது மேல்நாட்டுப் பிள்ளைகள் அவர்கள் ஊர்ச் சபையோடு போட்ட சண்டை. நம் எல்லையில் நிற்கும் கருப்பருக்கும் முனிக்கும் கோரைப்பல், பிதுங்கிய கண், கையில் அரிவாள். பயமுறுத்தும் உருவம் கெட்டதாகத்தான் இருக்கும் என்று நாம் நினைப்பதில்லையே.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நார்வேயில் 1992 வாக்கில் இந்த இசையைச் சேர்ந்த சிலர் பழைய மரத் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள், கொலையும் நடந்தது. அது குற்றம். அந்த ஆட்களின் பாட்டை நான் கடையில் போடுவதில்லை. கும்பிடுகிற இடத்தை எரித்தவன் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் எனக்கு வேண்டாம்.

ஃபேரோ தீவு எங்க இருக்கு? அந்த மொழி உங்களுக்குத் தெரியுமா?

வட அட்லாண்டிக் கடலில், ஐஸ்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே. மொத்த ஜனத்தொகையே 55,000 அளவுதான், காரைக்குடியைவிடக் குறைவு. மொழி எனக்குத் தெரியாது. ஹாம்ஃபெர் அந்தச் சின்ன மொழியில்தான் பாடுகிறார்கள், ஆங்கிலத்துக்கு மாறவில்லை. இந்த ஆல்பம் 1915இல் சான்ட்விக் என்ற கிராமத்தில் திமிங்கில வேட்டைக்குப் போன ஆண்கள் கடலில் மூழ்கிப்போனதைச் சொல்கிறது. கரையில் நின்று சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க நடந்த சாவு.

வேகம் ரொம்பக் குறைவு. ஒரு அடி விழுந்தால் அடுத்த அடிக்குள் மூச்சை இழுத்து விடலாம். இந்த வகையை டூம் என்பார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் அப்பத்தா ஒப்பாரியில் பேர்போனவர். பள்ளத்தூரிலிருந்து கூப்பிட்டு அனுப்புவார்கள். அடியைத் தாழ்ந்த குரலில் எடுத்து, இழுத்து, கடைசியில் மேலே ஏற்றி உடைப்பார். உடைந்த இடத்தில் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லாரும் சேர்ந்து அழுவார்கள். ஹாம்ஃபெர் பாடகர் யான் ஆல்டரா அடிக்குரலிலிருந்து மேலே ஏறுகிற இடங்களில் அப்பத்தாவின் மூச்சு எனக்குக் கேட்டது. இப்போது எங்கள் பக்கம் இழவு வீட்டில் ஸ்பீக்கர் செட்டில் பதிவு செய்த ஒப்பாரியைப் போடுகிறார்கள். பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அப்பத்தாவின் ஒரு அடியைக்கூட நான் பதிவு செய்து வைக்கவில்லை. டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பார்க்கிற கடையில் வேலை பார்த்துக்கொண்டு இதைச் செய்யாமல் விட்டது இன்றும் வலிக்கிறது. 55,000 பேர் உள்ள தீவு தன் ஊர்ச் சாவைத் தன் மொழியிலேயே பாடி உலகத்துக்கு அனுப்பியிருக்கிறது.

ஒரு ஆல்பத்துல ரெண்டே பாட்டுதானா? காசுக்கு நியாயமா?

பிளட் இன்கேன்டேஷனைக் கேட்கிறீர்கள். இரண்டு பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று பாகம், மொத்தம் 43 நிமிஷம் அளவு. டென்வர்காரர்கள் பெர்லினில் இருக்கும் ஹான்சா ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். டேஞ்சரின் டிரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் ஒரு பாகத்தில் சிந்தசைசர் வாசிக்கிறார். நெருப்பு மாதிரி அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எல்லாம் அடங்கி, நடுராத்திரி மொட்டைமாடியில் படுத்து வானத்தைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். பிறகு மறுபடி அடி. நடுவில் நிறுத்தாமல் கேட்க நேரம் இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

தவில்காரர் மகன் நீங்க. டிரம்ஸ்ல யாரு கெட்டிக்காரன்?

2024இல் சந்தேகமே இல்லை, அல்சரேட் குழுவின் ஜேமி செயின்ட் மெராட். ஆக்லாந்தில் இருந்து வரும் மூன்று பேர் குழு. இவரே பதிவு செய்கிறார், அட்டைப் படமும் இவரே செய்கிறார். இவர் வாசிப்பதற்குத் தாளம் போட்டுப் பார்த்தேன், கை நழுவியது. இரண்டு காலும் பெடலில் ஓட, கை இரண்டும் வேறு நடையில் போகும். எங்கே சேருமோ என்று நாம் பதறும் இடத்தில் சரியாக வந்து விழும். அப்பா பாஷையில் சொன்னால் தீர்மானம் சுத்தம். ஆனால் சும்மா வேகம் காட்டும் டிரம்ஸ்காரர்களை எனக்குப் பிடிப்பதில்லை. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கும்போது சாமி நகரவேண்டும் என்பார் அப்பா. அடி எவ்வளவு இருந்தாலும் பாட்டு நகரவேண்டும்.

ஹை ஆன் ஃபயர் இதற்கு நேர் எதிர், மண்வெட்டியால் வெட்டுவது மாதிரி நேரடி அடி. அவர்களுடைய பேஸ் கிட்டார்காரர் ஜெஃப் மாட்ஸ் துருக்கி நாட்டுப்புற இசை படித்தவர், பக்லாமா என்ற தந்தி வாத்தியம் வாசிப்பார். ஆல்பத்தின் நடுவே அந்த மெட்டில் வருகிற ஒரு பாட்டுக்கு எங்கள் கடைப் பையன் எழுந்து ஆடுகிறான்.

நம்ம பக்கத்து ஆளுங்க யாரும் இல்லையா?

ஏழாவதாக எழுதியிருக்கிறேனே, கிரிப்டோஸ். 1998இல் பெங்களூரில் தொடங்கிய குழு. 'டெசிமேட்டர்' அவர்களுடைய ஏழாவது ஆல்பம், ஜூலையில் ஜெர்மனிக் கம்பெனி வழியாக வந்தது. எண்பதுகளின் முறையில் நேராக, சுத்தமாக வாசிப்பார்கள். புதுமை என்று சொல்ல அதிகம் இல்லை, அதனால்தான் ஏழாவது இடம். ஆனால் ஒரு பாட்டுகூட அலுக்காது. இருசக்கர வண்டியில் திருப்பத்தூர் ரோட்டில் போகும்போது கேட்க இதைவிட நல்லது இல்லை என்று சொல்ல வந்தேன், ஆனால் வண்டியில் ஹெட்போன் போடாதீர்கள்.

சிங்கப்பூரில் ருத்ரா என்று ஒரு குழு 1992 முதல் இருக்கிறது, நம் வம்சாவளியினர். சுலோகங்களை டெத் மெட்டல் என்ற உறுமல் வகையோடு சேர்த்தவர்கள். இங்கிருந்து கப்பல் ஏறி வட்டிக்கடை வைத்தவர்களின் ஊரிலிருந்து இப்படி ஒரு இசை திரும்பி வருவது எனக்குப் பெருமை. தமிழில் பாடும் முழு மெட்டல் ஆல்பம் ஒன்று அட்டையில் ஏறவேண்டும் என்று வருஷா வருஷம் காத்திருக்கிறேன். தவில் வாசிக்கும் கையும் ஒப்பாரி பாடும் தொண்டையும் உள்ள ஊரில் இது நடக்காமல் இருக்கக் காரணமே இல்லை. ஹாஸ்டல் பையன்கள் யாராவது தொடங்கினால் ஆம்பிளிஃபையர் வேலை முழுக்க நான் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

புரூஸ் டிக்கின்சனை ஏன் விட்டீங்க?

அவர் அயர்ன் மெய்டன் குழுவின் பாடகர். 2005க்குப் பிறகு தனியாகப் போட்ட முதல் ஆல்பம், 'தி மேண்ட்ரேக் புராஜெக்ட்'. மூன்று பாட்டு அருமை, மீதி நீளம். மனசு கேட்காமல் இரண்டு தடவை அட்டையில் எழுதி அடித்தேன். அட்டையில் இல்லாத இன்னொன்று, ஸ்லேயர் குழுவின் கிட்டார்காரர் கெர்ரி கிங் தனியாகப் போட்ட ஆல்பம், எனக்கு ஒட்டவில்லை.

இந்தப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்துச்சு?

2001. எனக்கு 16 வயது, மேலக்கோட்டையூர்க்காரர் ஒருவர் கடையில் எடுபிடியாக இருந்தேன். இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் அண்ணன் ஒருவர் டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்தார், உள்ளே கேசட் சிக்கியிருந்தது. நாடாவை விரலால் விடுவித்து, பெல்ட் மாற்றி, ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தேன். அயர்ன் மெய்டனின் 'கில்லர்ஸ்', காலிக் கேசட்டில் பதிவு செய்தது. பாடியது பால் டியானோ. எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை, ஆனால் பேஸ் கிட்டார் ஓடிய ஓட்டம் மஞ்சுவிரட்டில் மாடு அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. கோர்ஸ் முடிந்து ஊருக்குப் போகும்போது அந்த அண்ணன் கேசட்டை எனக்கே கொடுத்துவிட்டார்.

2007 மார்ச் 17ஆம் தேதி அயர்ன் மெய்டன் பெங்களூர் பேலஸ் கிரவுண்டில் வாசித்தபோது, காயில் கம்பி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் திருச்சி போய் பஸ் மாறிப் போனேன். கம்பியும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். டியானோ விலகிப் பல வருஷம் ஆகியிருந்தது, பாடியது டிக்கின்சன். டியானோ கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மேடையில் பாடினார். 2024 அக்டோபர் 21ஆம் தேதி இறந்தார். அட்டையின் அடியில் கறுப்பு மையில் எழுதியிருப்பது அவர் பெயர். அது ஆல்பம் இல்லை, அஞ்சலி.

புதுசாக் கேக்கிறவன் எதுல தொடங்கணும்? எதுல கேக்கணும்?

ஜூடாஸ் பிரீஸ்டில் தொடங்குங்கள். மெட்டு தெளிவாக இருக்கும், பெரும்பாலான பாட்டு நாலைந்து நிமிஷத்தில் முடியும். அது பழகிய பிறகு ஓபெத். அல்சரேட்டை முதல் நாளே போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் கிட்டாரும் உதை டிரம்மும் அதில் காணாமலே போய்விடும். வயர் வைத்த சாதாரண ஹெட்போன் போதும். சத்தம் பாதிக்கு மேல் வேண்டாம். மோட்டார் சத்தத்திலேயே இருந்து என் இடது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அதனால் சொல்கிறேன். வரியை எழுத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள், வெறுமனே ஒருமுறை கேளுங்கள். இரண்டு தடவையிலும் ஒட்டாவிட்டால் விட்டுவிடலாம்.

அந்த உயில் பாட்டை மறுபடி எப்பப்பா போடுவ?

இது காவல்காரத் தாத்தா கேட்பது, மூன்று தடவை ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பொங்கலுக்குப் பங்காளிகள் வந்து பூட்டெல்லாம் திறப்பார்கள், அப்போது முடியாது. அவர்கள் கிளம்பியதும் மோட்டாருக்கு ஆயில் பார்க்க வருகிறேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். போன தடவை மழை இரைச்சலில் எட்டாவது பாட்டின் கடிதத்தை முழுக்கச் சொல்லாமல் விட்டேன். இந்தத் தடவை வரி வரியாகச் சொல்கிறேன்.